உங்களுக்குத் தெரியுமா? வார்டுக்கு வரும் ‘பிரதர்’

● உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் செவிலியர்கள் இருக்கிறார்கள். நூற்றுக்கு 85 பேர் பெண்கள். மீதிப் பதினைந்து பேரிடம் ஊரும் உறவும் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘உனக்கு வேற படிப்பே கெடைக்கலையா?’ அந்தப் பதினைந்து பேரும் அவர்களுக்கு முன்னால் வந்தவர்களும் எதற்காக இந்த வேலைக்கு வந்தார்கள் என்று பார்ப்போம்.

● கத்தோலிக்கத் திருச்சபை 1930-ல் செவிலியர்களின் பாதுகாவலர்களாக அறிவித்த இரண்டு புனிதர்களுமே ஆண்கள். அதிலும் இருவரும் முன்னாள் படைவீரர்கள்.

முதலாமவர் ‘இறைவனின் யோவான்’ என்று அழைக்கப்பட்ட போர்ச்சுகல்காரர். ஆடு மேய்த்தார், போருக்குப் போனார், புத்தகம் விற்றார். ஸ்பெயினின் கிரானடா நகரில் மனம் பேதலித்தவர் என்று அவரைப் பிடித்து மருத்துவமனையில் அடைத்தார்கள். அந்தக் காலத்தில் மனநோய்க்குச் சங்கிலியும் சவுக்கும்தான் வைத்தியம். அதை உடம்பால் அனுபவித்தவர் வெளியே வந்ததும் ஏழை நோயாளிகளைத் தானே கவனிக்கத் தொடங்கினார். 1550-ல் அவர் இறந்த பிறகு அவருடைய சகாக்கள் அந்தப் பணியை ஒரு துறவற சபையாக வளர்த்தார்கள்.

இரண்டாமவர் இத்தாலியின் கமில்லஸ் தே லெல்லிஸ் (1550–1614). வாட்டசாட்டமான ஆள். சூதாட்டத்தில் எல்லாவற்றையும் தொலைத்தவர். காலில் ஆறாத புண். அந்தப் புண்ணோடு ரோம் நகரின் சான் ஜியாகோமோ மருத்துவமனையில் நோயாளியாகப் போய்ச் சேர்ந்தார். கூலிக்கு வைத்த பணியாட்கள் நோயாளிகளைப் பட்டினி போடுவதையும் அழுக்கில் விடுவதையும் படுக்கையில் கிடந்தபடியே பார்த்தார். பிறகு அதே மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து நிர்வாகப் பொறுப்பு வரை உயர்ந்தார். நோயாளிகளைக் கவனிப்பதற்கென்றே அவர் அமைத்த சபைக்கு 1586-ல் போப்பாண்டவரின் ஒப்புதல் கிடைத்தது. கறுப்பு அங்கியில் சிவப்புச் சிலுவை தைத்துக்கொண்ட அந்தத் துறவிகள் போர்க்களங்களுக்கும் போனார்கள். ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது 1863-ல். அதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கும் முந்தைய கதை இது.

தானே நோயாளியாகக் கிடந்ததும் வீட்டில் ஒருவர் கிடக்கப் பார்த்ததும் இன்றும் பல ஆண்கள் சொல்லும் காரணங்கள். அப்பாவின் பக்கவாதம், தம்பியின் சாலை விபத்து, ஐ.சி.யு. வாசலில் கழித்த இரவுகள் என்று ஆளுக்கொரு கதை இருக்கிறது. இந்தக் காரணத்தோடு வருபவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போவது அரிது என்பது என் எண்ணம்.

● சரக சம்ஹிதை மருத்துவத்துக்கு நான்கு கால்கள் என்கிறது: மருத்துவர், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி. பணிவிடை செய்பவருக்கு வேண்டிய குணங்களும் நான்கு: பணிவிடை செய்யத் தெரிந்திருத்தல், கைத்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை. ஆணா பெண்ணா என்ற நிபந்தனை அதில் இல்லை. வள்ளுவரும் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் அருகில் நின்று கவனிப்பவரை மருத்துவத்தின் நான்கு பகுதிகளில் ஒன்றாக எண்ணுகிறார்.

● ஐரோப்பாவில் கொள்ளைநோய் ஊர் ஊராகப் பிணங்களைக் குவித்த 14-ஆம் நூற்றாண்டில், நோயாளிகளைக் கவனிக்கவும் இறந்தவர்களைப் புதைக்கவும் முன்வந்த எளிய ஆண்களின் குழுக்களிலிருந்து உருவானது அலெக்சியன் சகோதரர்கள் சபை. இதே சபை அமெரிக்காவின் சிகாகோவில் 1898-ல் ஆண்களுக்கென்றே ஒரு செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. அதற்குப் பத்தாண்டுக்கு முன், 1888-ல், நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையிலும் ஆண்களுக்கான மில்ஸ் பயிற்சிப் பள்ளி வந்துவிட்டது.

● பாரிஸ் நகரின் பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளிகளைப் பிணைத்திருந்த இரும்புச் சங்கிலிகளை அவிழ்த்தவர் யார் என்று கேட்டால், மருத்துவ மாணவர்கள் டாக்டர் பிலிப் பினெல் என்பார்கள். ஓவியங்களும் அப்படித்தான் வரையப்பட்டிருக்கின்றன. ஆனால் 1797-ல் அங்கே சங்கிலிகளை நீக்கியவர் ழான் பப்டிஸ்ட் புஸ்ஸென் என்ற வார்டு மேற்பார்வையாளர். தோல் பதனிடும் தொழிலாளியாக இருந்தவர். கண்டமாலை நோய்க்காக அதே மருத்துவமனையில் நோயாளியாகச் சேர்ந்து, குணமாகி, அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர். அடிக்கக் கூடாது என்று பணியாட்களுக்கு உத்தரவு போட்டார். குணமான நோயாளிகளையே பணியாட்களாக எடுத்தார், அடிபட்டவன் இன்னொருவனை அடிக்கத் தயங்குவான் என்பதால். அவருடைய மனைவி மார்கரீத்தும் உடன் உழைத்தார். இவரிடம் தான் கற்றுக்கொண்டதைப் பினெலே எழுதியும் வைத்திருக்கிறார். மனநலச் செவிலியத்தின் முன்னோடிகளில் ஒருவராக இன்று புஸ்ஸென் மதிக்கப்படுகிறார். அவருடைய பெயர் நம் பாடநூல்களில் பினெலுக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் வர வேண்டும்.

● லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860-ல் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி பெண்களுக்கு மட்டுமானது. கௌரவமான பிழைப்பு அதிகம் இல்லாத அந்தக் காலத்துப் பெண்களுக்கு அது திறந்துவிட்ட வழி மிகப் பெரியது. ஆனால் அந்தப் பள்ளியைப் பார்த்து உலகெங்கும் பள்ளிகள் எழுந்தபோது, ஆண்கள் வெளியே நின்றார்கள். 1919-ல் பிரிட்டன் செவிலியர் பதிவுச் சட்டம் கொண்டுவந்தபோது பொதுப் பதிவேடு பெண்களுக்கு என்றும், ஆண்களுக்குத் தனியாக ஒரு துணைப் பகுதி என்றும் பிரித்தார்கள். பொதுப் பதிவேட்டில் ஆண்கள் பெயர் ஏற வழி செய்தது 1949-ஆம் ஆண்டுச் சட்டம்தான். ராயல் காலேஜ் ஆஃப் நர்ஸிங் அமைப்பு அவர்களை உறுப்பினராகச் சேர்க்க 1960 ஆனது.

அதே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 2020 ஏப்ரலில் கொரோனாவோடு ஐ.சி.யு.வில் கிடந்தார் அன்றைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன். பிழைத்து வெளியே வந்ததும் இரண்டு செவிலியர்களுக்குக் குறிப்பாகப் பெயர் சொல்லி நன்றி கூறினார். ஒருவர் நியூசிலாந்தின் ஜென்னி மெக்கீ. மற்றவர் போர்ச்சுகலிலிருந்து வந்த லூயிஸ் பிடார்மா என்ற ஆண் செவிலியர்.

● மனநல மருத்துவமனைகள் மட்டும் ஆண்களை எந்தக் காலத்திலும் வேண்டாம் என்று சொன்னதில்லை. முரண்டு பிடிக்கும் நோயாளியை அமுக்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்ற கணக்குதான். பிடிப்பதற்கு வந்தவர்கள் பேசவும் கற்றார்கள் என்பது அதற்குப் பிறகு நடந்தது. பிரிட்டனில் 1891 முதல் இவர்களுக்குத் தேர்வும் சான்றிதழும் வந்துவிட்டன.

● அமெரிக்க ராணுவத்தின் செவிலியர் படை 1901-ல் உருவானது. பெண்களுக்கு மட்டும். இரண்டாம் உலகப் போரில் செவிலியர் பற்றாக்குறை எவ்வளவு கடுமையாக இருந்தது என்றால், 1945 ஜனவரியில் அதிபர் ரூஸ்வெல்ட், பெண் செவிலியர்களைக் கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கச் சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தைக் கேட்டார். அதே நேரம், முறையாகப் படித்துப் பதிவு செய்த ஆண் செவிலியர்கள் சாதாரணச் சிப்பாய்களாகச் சேர்க்கப்பட்டு, பலர் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத வேலைகளைச் செய்துகொண்டிருந்தார்கள். லூதர் கிறிஸ்ட்மன் என்ற இளைஞர் போர்முனையில் செவிலியராக வேலை செய்யத் தயார் என்று எழுதிக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். (இவர்தான் பின்னாளில், 1967-ல், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கச் செவிலியர் கல்லூரிகளின் முதல் ஆண் டீன் ஆனவர்.) 1955-ல்தான் சட்டம் மாறியது. அதற்காகப் போராடியவர் ஃபிரான்சஸ் போல்டன் என்ற பெண் எம்.பி. அந்த அக்டோபரிலேயே எட்வர்ட் லயன் என்ற மயக்க மருந்துச் செவிலியர் முதல் ஆண் அதிகாரியாகச் சேர்ந்தார்.

● ஜோ ஹோகன் என்பவர் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கொலம்பஸ் நகர மருத்துவமனையில் நர்ஸிங் சூப்பர்வைசர். பதிவு பெற்ற செவிலியர், ஆனால் பட்டம் இல்லை. அதை வாங்க ஆசைப்பட்டார். உள்ளூரிலேயே அரசுப் பல்கலைக்கழகம் இருந்தது. ஆனால் அது பெண்கள் பல்கலைக்கழகம். வகுப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம், பட்டம் கிடையாது என்றார்கள். வெளியூர் போய்ப் படிக்க வேண்டுமானால் வேலையை விட வேண்டும். வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1982 ஜூலை 1-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. எழுதியவர் சாண்ட்ரா டே ஓ’கானர், அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி.

இந்தத் தீர்ப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஓர் அடிக்குறிப்பு. ஆண்களை வெளியே நிறுத்தியதால் செவிலியர்களின் சம்பளமே தாழ்ந்து போயிருக்கலாம் என்று செவிலியர் சங்கத்தார் சொன்னதை நீதிபதி அதில் எடுத்துக் காட்டியிருக்கிறார். பெண்கள் செய்யும் வேலை என்றாலே கூலியைக் குறைக்கும் பழக்கம் நம் வயல்காட்டிலும் உண்டு. ‘பொம்பள வேலை’ என்ற முத்திரை ஆணுக்குச் செய்யும் கெடுதலைவிடப் பெண்ணுக்குச் செய்யும் கெடுதல் பெரிது.

● உலக சுகாதார நிறுவனம் 104 நாடுகளை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட கணக்கில், ஆப்பிரிக்கச் செவிலியர்களில் 35 விழுக்காடு ஆண்கள். காலனி ஆட்சியில் பள்ளிக்கூடம் போக வாய்த்தவர்கள் பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். கறுப்பின இளைஞனுக்குத் திறந்திருந்த சில படித்த வேலைகளில் செவிலியமும் ஒன்று. அப்படி மொசாம்பிக்கின் லூரென்ஸு மார்க்கெஸ் நகர மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்தவர் சமோரா மஷெல். 1975-ல் விடுதலை பெற்ற அந்த நாட்டின் முதல் அதிபர் அவர்.

● மலாயா ரப்பர் தோட்டங்களில் டாக்டர் என்றைக்கோ ஒருநாள் வருபவர். அன்றாடம் மருந்து கொடுத்தவர், புண் கட்டியவர், மலேரியாவுக்குக் கொய்னா விழுங்க வைத்தவர் எஸ்டேட் ஆஸ்பத்திரியின் ‘டிரெஸ்ஸர்’. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் போன தமிழ் ஆண்கள் பலர் அந்த வேலையில் இருந்தார்கள். தோட்டத்துச் சனங்களின் பிரசவம், பாம்புக்கடி, காய்ச்சல் எல்லாவற்றிலும் முதலில் கூப்பிடப்பட்ட ஆள் அவர்தான். மலேசியத் தமிழர் குடும்பங்களில் ‘எங்க தாத்தா டிரெஸ்ஸர்’ என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

● பிலிப்பைன்ஸில் 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான டாக்டர்கள் மறுபடி கல்லூரிக்குப் போய் நர்ஸிங் படித்தார்கள். அமெரிக்காவில் செவிலியர் வேலைக்கு அப்போது விசா எளிது, சம்பளம் உள்ளூர் டாக்டரைவிடப் பல மடங்கு. 2004-ல் நாட்டின் மருத்துவத் தேர்வில் முதலிடம் பிடித்த இளைஞரே, நான் அமெரிக்காவுக்கு நர்ஸாகப் போகிறேன் என்று அறிவித்தார். நாடே விவாதித்தது.

● நம் நாட்டுக்கு வருவோம். எய்ம்ஸ் போன்ற மத்திய அரசு மருத்துவமனைகளில் ‘நர்ஸிங் ஆபீசர்’ பணிக்கு ஏழாவது ஊதியக் குழுவின் 7-ஆம் நிலை. தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய், படிகள் தனி. வட இந்தியாவில், குறிப்பாக ராஜஸ்தானில், கிராமத்துப் பையன்கள் இந்தப் படிப்பை நோக்கிக் கூட்டமாக வருவதற்குப் பெரிய காரணம் இந்தச் சம்பளப் பட்டியல். இதில் கேவலம் எதுவும் இல்லை. வங்கித் தேர்வு எழுதுபவனிடம் ‘பணத்தின் மேல் உனக்கு அவ்வளவு பிரியமா’ என்று யாரும் கேட்பதில்லையே.

● அந்த எய்ம்ஸ் வேலையில் 2019 முதல் நூற்றுக்கு 80 இடம் பெண்களுக்கு, 20 இடம் ஆண்களுக்கு என்று பிரித்துவிட்டார்கள். பெண் நோயாளிகளுக்குப் பெண் செவிலியர் வேண்டும் என்பது நியாயம்தான். கூச்சம் நோயைவிடப் பெரிய தடை நம் ஊரில். அதே நியாயப்படி ஆண்கள் வார்டுக்கு எத்தனை ஆண்கள் வேண்டும்? நூற்றுக்கு இருபது போதுமா? இந்தக் கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் இன்னும் கிடைக்கவில்லை.

ஆண்கள் வார்டில் ஒரு பகல் பொழுது இருந்து பார்த்தால் நான் சொல்வது புரியும். அறுபது எழுபது வயதுப் பெரியவர்கள் பலர் காலையிலிருந்து தண்ணீரைத் தொட மாட்டார்கள். குடித்தால் ஒன்றுக்கு வரும், வந்தால் பேத்தி வயதுப் பெண்ணிடம் யூரின் கேன் கேட்க வேண்டும். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும், எழுந்து போகவும் முடியாது. டியூட்டி மாறிப் பிரதர் (ஆண் செவிலியரை வார்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வந்து பி.பி. பட்டையைக் கையில் சுற்றும்போதுதான், ‘தம்பி, கொஞ்சம் கிட்ட வாப்பா’ என்று காதோடு சொல்வார்கள். யூரின் டியூப் போடுவது, ஆபரேஷனுக்கு முன் முடி மழிப்பது, டயப்பர் மாற்றுவது எல்லாம் அப்படித்தான். பெரியவருக்கு நிம்மதி, அந்தப் பெண் செவிலியருக்கும் நிம்மதி. பக்கவாதத்தில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, இடுப்பு எலும்பும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். சிவப்பைக் கவனிக்காமல் விட்டால் சில நாளில் படுக்கைப்புண். இந்த வேலையைப் பொறுமையாகச் செய்யும் இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். வெளியே வந்து இவர்கள் இதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

● ‘தூக்க, புரட்ட ஆம்பள வேணும்’ என்பது வார்டில் தினமும் கேட்கும் பேச்சு. ஆனால் நோயாளியைக் கையால் தூக்கும்போது 35 பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 16 கிலோவுக்கு, மேல் சுமை வரக் கூடாது என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சொல்லும் வரம்பு. ஆணுக்கு வேறு முதுகெலும்பு கிடையாது. வார்டில் இருக்கும் ஒரே பிரதரை எல்லாப் படுக்கைக்கும் தூக்கக் கூப்பிட்டால், நாற்பது வயதுக்குள் அவருக்கு டிஸ்க் தேய்ந்துவிடும். தூக்குக் கருவிகள் வாங்க வேண்டியது நிர்வாகம்.

● அமெரிக்கச் செவிலியர்களில் ஆண்கள் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். மயக்க மருந்து கொடுக்கும் செவிலியர்களில் மட்டும் பத்துக்கு நான்கு பேர் ஆண்கள். அதிகச் சம்பளமும் அதிக அதிகாரமும் உள்ள இடம் அது. எங்கேயும் ஐ.சி.யு., ஆபரேஷன் தியேட்டர், எமர்ஜென்சி என்று இயந்திரமும் வேகமும் உள்ள பக்கமே ஆண்கள் சாய்வதைப் பார்க்கலாம்.

● 2015-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, ஒரே மாதிரி வேலை செய்யும் செவிலியர்களில் ஆண்கள் ஆண்டுக்குச் சுமார் 5,100 டாலர் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பெண்கள் அதிகம் உள்ள துறைகளில் ஆண்கள் விறுவிறுவென்று மேலே போவதைச் சமூகவியலாளர் கிறிஸ்டின் வில்லியம்ஸ் 1992-லேயே எழுதிவிட்டார். வாசலில் ஆணுக்கு அவமானம், உள்ளே போனபின் சலுகை. இரண்டும் ஒழிய வேண்டியவை.

● இந்தியத் தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் இருபாலாருக்கும் ஒரே கதி. 50 படுக்கைக்கும் குறைவான மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, உச்ச நீதிமன்ற உத்தரவையடுத்து 2016-ல் மத்திய அரசின் குழு பரிந்துரைத்தது. எத்தனை இடங்களில் அது கைக்கு வருகிறது என்று செவிலியர்களைக் கேட்டால் தெரியும். சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு பாண்டு எழுதி வாங்கிய கொடுமையும் இருந்தது. கேரளத்தில் 2011-ல் யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் என்ற சங்கம் உருவாகி, மருத்துவமனை மருத்துவமனையாகப் போராட்டம் வெடித்தபோது ஆண் செவிலியர்கள் பலர் முன்வரிசையில் நின்றார்கள்.

● ‘ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ், அப்புறம் ஓ.இ.டி., அப்புறம் ஃப்ளைட்’ என்பது இந்தப் படிப்பில் சேரும் பல பையன்களின் திட்டம். வளைகுடாவுக்குப் போகப் புரோமெட்ரிக் தேர்வு, பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் ஓ.இ.டி. போன்ற ஆங்கிலத் தேர்வு. 2018-ல் வந்த ‘ஞான் பிரகாஷன்’ மலையாளப் படத்தில் ஃபகத் ஃபாசில் நடித்த நாயகன் நர்ஸிங் படித்துவிட்டு அதைச் சொல்லவே வெட்கப்படுபவன். வெளிநாடு போய்விடத் துடிப்பவன். நோயுற்ற ஒரு சிறுமியைக் கவனிக்கும் வேலைதான் கடைசியில் அவனைத் தன் தொழிலுக்குத் திரும்ப வைக்கிறது.

● தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸில் டிரைவருக்கு அடுத்து இருப்பவர் ‘மருத்துவ உதவியாளர்’. பி.எஸ்ஸி. நர்ஸிங், ஜி.என்.எம். படித்தவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நெடுஞ்சாலை ஓரத்தில் ரத்தத்தை நிறுத்துபவரும், வண்டிக்குள்ளேயே பிரசவம் பார்ப்பவரும் இவரே.

● பிரசவம் என்றதும் நினைவுக்கு வருகிறது: பிரிட்டனில் ஆண்கள் முழு உரிமையோடு மருத்துவச்சி வேலைக்கு வர 1983 ஆனது. இந்தியாவில் பழைய டிப்ளமா முறையில் ஆண் மாணவர்களுக்கு மகப்பேறு பாடத்துக்குப் பதில் வேறு பாடம் வைத்தார்கள். அதனால் பெண்கள் செவிலியர், மருத்துவச்சி என இரண்டாகவும், ஆண்கள் செவிலியர் என்று மட்டும் பதிவானார்கள்.

● இந்திய ராணுவ மருத்துவமனையில் காயம்பட்ட ஜவானுக்குக் கட்டுப்போடும் ‘சிப்பாய் நர்ஸிங் அசிஸ்டென்ட்’ ஆண். ஆனால் மேலே இருக்கும் ராணுவச் செவிலியர் சேவை பெண்களுக்கு என்றே 1943-ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தில் எழுதப்பட்டது. நான்காண்டு படித்துப் பட்டம் வாங்கிய ஆண் செவிலியருக்கு அந்த அதிகாரிப் பதவியில் இடமில்லை என்ற விதியை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள் செவிலியர்கள்.

● பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்த பையன் உங்கள் வீட்டிலும் இருந்து, அவனுக்கு நர்ஸிங்கில் விருப்பமும் இருந்தால், கல்லூரியில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இந்திய நர்ஸிங் கவுன்சில், மாநில கவுன்சில் அங்கீகாரம் நடப்பு ஆண்டுக்கு இருக்கிறதா? பயிற்சிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா, அதன் படுக்கைகளில் உண்மையிலேயே நோயாளிகள் இருக்கிறார்களா? ஆண் மாணவர்களை மகப்பேறு, குழந்தைகள் வார்டுகளுக்கும் அனுப்புகிறார்களா, கணக்குக்குக் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்களா? மூன்றாவது கேள்விக்கு அலுவலகத்தில் கிடைக்கும் பதிலை அப்படியே நம்பாமல், அங்கே படிக்கும் மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டுப் பையன்களிடமும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.